தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

ஜனவரி 9

அன்புள்ள ஸ்பானருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். வழக்கம்போல் குண்டூசியை உதட்டில் இடுக்கிக்கொண்டே எல்லோரிடமும் பேசுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஃபோனில் பேசலாம் என்றால் எங்கள் வீடு இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. நான் ‘ஹலோ’ என்றால் அந்தப் பக்கமிருந்து ‘யாரு?’ என்று வரும்.

விஷயம் இதுதான். போன மாதம் முதுகைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போது பழைய பஸ், வரும்போது புது பஸ். இரண்டிலும் எனக்கு வாய்த்தது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட். ரோடும் அதே ரோடு, பள்ளமும் அதே பள்ளம். போகும்போது ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. வரும்போது தூங்கிவிட்டேன். இறங்கும்போது டிரைவரிடம், “இது ஏன்ப்பா குதிக்கவே இல்ல?” என்று கேட்டேன். “அடியில காத்துப் பை இருக்கும்மா, கமான் பட்டை கிடையாது” என்றார். “காத்துப் பைன்னா பலூன் மாதிரியா? வெடிக்காதா?” என்றேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் இறங்க நின்றார்கள். ஒருவர் என் பையைக் கையில் திணித்து இறக்கியே விட்டுவிட்டார். அதனால் மீதியை உன்னிடம் கேட்கிறேன்.

கமான் பட்டை என்பது நம் லாரிக்கு அடியில் வில்லாக வளைந்து அடுக்கடுக்காக இருக்கிறதே, அந்த இரும்புதானே? அதை எடுத்துவிட்டு இந்தக் காற்றுப் பையை வைக்க முடியுமா? உன்னைவிட வயதான லாரிக்கு?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். அந்த லாரிக்குள் நாலு தையல் மெஷினும் ஒரு வெட்டு மேஜையும் வைத்து, ஃபாக்டரி வாசலிலும் ஹாஸ்டல் வாசலிலும் நிறுத்தி, அங்கேயே அளவெடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் வெட்டுவேன், அவர் தைப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முதுகு போனபிறகு அவர் தனியாகப் போகிறார். வெட்டுவதற்கு ஓர் ஆளை வைத்தார். அந்த ஆள் ஒரு டஜன் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்தார். இப்போது உன் அண்ணன் போதும் என்று முடிவு செய்துவிட்டார். ஒரு ஹோட்டல்காரர் மார்ச் 20-ஆம் தேதி வந்து லாரியை எடுத்துக்கொள்கிறாராம். வாசலில் நிறுத்தி, உள்ளே பூச்செடி வைப்பாராம். இவர் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேரப் போகிறார்.

நான்? மூன்று வருஷமாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறேன். மீதி ஆயுசுக்கும் அதையே எடுக்கலாம். எனக்கு அது வேண்டாம். டாக்டரிடம் கேட்டேன். “அந்த புது பஸ் மாதிரி ஆடாத வண்டின்னா தாராளமா போங்க” என்றார்.

ஒரு சந்தேகம். பயணம் போய் வந்தால் வலது பக்கத்து மெஷின் இரண்டும்தான் ஊசி விலகி நிற்கும். இடது பக்கத்து மெஷின்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏன்?

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை இனிக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அப்பாவின் வண்டியை யாரையும் கேட்காமல் ரம்பம் வைத்து அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஜன்னல் வைத்தவரோடு எனக்குப் பேச்சு கிடையாது. உங்களோடு உண்டு. முதுகு உங்களுடையது.

முடியும்.

பலூன் இல்லை. டயர் செய்கிற அதே மாதிரி ரப்பர், உள்ளே நூல் வைத்தது. இந்த பஸ் டிப்போவில் வாரத்துக்கு இரண்டு மாற்றுகிறேன். வெடித்து நான் பார்த்ததில்லை. கசியும். கசிந்தால் வண்டி மெல்ல உட்காரும், அவ்வளவுதான்.

பின்சக்கரத்துக்கு மட்டும் வைப்போம். கமான் பட்டையை முழுதும் எடுக்க முடியாது, அச்சை இடத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான். அடுக்கில் இருக்கும் பட்டைகளில் பாதியை உருவிவிட்டு, அந்தச் சுமையைப் பையின் தலையில் ஏற்ற வேண்டும். பையை அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் உட்காரவைக்கப் பிராக்கெட் வேண்டும், பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த வயதுள்ள வண்டிக்குக் கடையில் ரெடிமேடாக எதுவும் கிடைக்காது. அளவெடுத்துத்தான் வெட்ட வேண்டும். உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியவை: தரையிலிருந்து சட்டம் எவ்வளவு உயரம், நாலு மூலையிலும். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம், இரண்டு பக்கமும். பிராக்கெட் உட்கார வேண்டிய இடங்களின் வடிவம், காகிதத்தை ஒட்டவைத்து வரைந்தது. ஃபோட்டோ அனுப்பாதீர்கள், திறக்க மாட்டேன். தரை சமமான இடத்தில் வண்டி நிற்க வேண்டும். நீங்கள் அடியில் படுக்கக் கூடாது. படுத்தீர்கள் என்று தெரிந்தால் வேலையை அதோடு விட்டுவிடுவேன்.

உங்கள் சந்தேகத்துக்கு எனக்கு இப்போது பதில் தெரியாது. வலது பக்கம் மட்டும் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

இப்படிக்கு,
நாத்தனார்

ஜனவரி 25

அன்புள்ள ஸ்பானருக்கு,

‘இப்படிக்கு நாத்தனார்’ என்று எழுதியிருக்கிறாய். கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸோ என்று திருப்பிப் பார்த்தேன். இருக்கட்டும்.

உன் அண்ணனைக் கருநீலத்தில் நாலு துளைப் பட்டன் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அந்த நிறத்தில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நாலு கடை ஏறி இறங்குவார், மூன்று மணி நேரம் கிடைத்தது.

அடியில் படுக்கவில்லை. குட்டை ஸ்டூலைப் போட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை எட்டாத இடத்துக்கு அடிக்குச்சியின் நுனியில் டேப்பைக் கட்டிவிட்டேன். சட்டம் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். பார்க்கத்தான் மாட்டாயே.

அளவெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிராக்கெட்டுக்குப் பழுப்புக் காகிதத்தில் நாலு பேட்டர்ன் வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக எப்படி வெட்டுகிறேனோ அப்படியே வெட்டியிருக்கிறேன், பிசகாது. போல்ட் வரும் ஓட்டைகளை ஊசியால் குத்திக் காட்டியிருக்கிறேன். ‘வ’ என்றால் வலது, ‘இ’ என்றால் இடது. மேல்புறம் எது என்பதற்குச் சாக்பீஸால் ஒரு கோடு.

இப்போது வேடிக்கையைக் கேள். வண்டி சாய்ந்து நிற்கிறது. பின்னால் வலது மூலை மட்டும் ஒன்றரை இஞ்ச் தாழ்வு. டேப்பைச் சந்தேகப்பட்டு இரண்டாவது டேப்பை எடுத்து அளந்தேன், அதே ஒன்றரை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அளவெடுக்க வருகிறவர்களில் நேராக நிற்பவர் யாருமே கிடையாது. ஒருவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும், கேட்டால் இருபது வருஷம் பை தூக்கியிருப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தோளுக்குள் ஒரு சின்ன பேடு வைத்துவிடுவேன், கண்ணாடியில் பார்த்துவிட்டு ‘கம்பீரமா இருக்கு’ என்பார். உன் அண்ணனுக்கே வலது தோள் அரை இஞ்ச் இறக்கம், அது அவருக்கு இன்று வரை தெரியாது.

ஆனால் லாரி எந்தப் பையைத் தூக்கியது? என் இடம் அங்கேதான் இருக்கிறது. வலது பின்சக்கரத்துக்கு மேலே, ஜன்னல் ஓரம். ஓடும்போது அங்கே உட்கார்ந்துதான் பட்டன் வைப்பேன். நான் உட்கார்ந்து சாய்ந்ததோ என்றும் ஒரு சந்தேகம். அவ்வளவு கனமாகவா இருந்தேன்?

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

உங்கள் பேட்டர்னை மேஜையில் விரித்ததும் டிப்போவில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். “யாரு வரைஞ்சது? இஞ்சினியரா?” என்று மேஸ்திரி கேட்டார். “டெய்லர்” என்றேன். நம்பவில்லை.

நீங்கள் கனம் இல்லை. ஆள் உட்கார்ந்து லாரி சாயாது. வலது பக்கம் மெஷின் கோளாறும் வலது பக்கம் தாழ்வும் ஒன்றாக வருவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நேற்று ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு உங்கள் லாரியையே யோசித்துக்கொண்டிருந்ததில், கழற்றின போல்ட்டையே திரும்ப மாட்டிவிட்டேன்.

இன்னும் மூன்று வேலை. முதலாவது, வண்டியைக் காலி செய்துவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அப்போதும் சாய்ந்தால் குற்றம் சுமையில் இல்லை. இரண்டாவது, பின்கமான் இரண்டிலும் பட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் தடிமனையும் எழுதுங்கள். மேலே இருப்பது நீளம், கீழே போகப் போகக் குறையும், படிக்கட்டு மாதிரி. அளப்பதற்குக் கழற்ற வேண்டாம், நுனிகள் வெளியே தெரியும்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். முன்பு வண்டி ஓடும்போது நீங்கள் எழுதிய துண்டுக் காகிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? அளவுக் குறிப்பு, கணக்கு, எதுவானாலும். அனுப்புங்கள். வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து, ஓடும்போது ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டு எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பையில் எவ்வளவு காற்று கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். வண்டியைப் பார்க்காமல் வண்டியை அறிய எனக்கு வேறு வழியில்லை.

ஜன்னல்களைப் பற்றி எழுத வேண்டாம்.

ஸ்பானர்

பிப்ரவரி 10

அன்புள்ள ஸ்பானருக்கு,

பெயர் திரும்பி வந்துவிட்டது, சந்தோஷம்.

காலி செய்தாயிற்று. நான் ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. “ஹோட்டல்காரர் வந்து பார்க்கும்போது உள்ளே நூலும் தும்புமா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று ஒரு வார்த்தை போட்டேன். மெஷின் மேஜை துணிக்கட்டு எல்லாவற்றையும் அவரே இறக்கிவைத்துப் பெருக்கினார். பாவமாகத்தான் இருந்தது. வண்டியை விற்கவிடாமல் செய்வதற்கு, விற்பதற்கென்று சொல்லி வேலை வாங்குகிறேன்.

காலியாக நின்றும் அதே ஒன்றரை இஞ்ச். சுமை நிரபராதி.

பட்டை இரண்டு பக்கமும் ஒன்பது. இடது பக்கம் நீ சொன்னது போலப் படிக்கட்டு, ஒவ்வொன்றும் கச்சிதம். வலது பக்கத்தில் மேலிருந்து நாலாவது பட்டை மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. நாலு விரல்கடை குட்டை. மற்றதெல்லாம் ஒரே தடிமன், இது ஒன்றரைப் பங்கு. மற்றதெல்லாம் வில்லாக வளைந்திருக்க, இது மட்டும் அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி விறைப்பாக இருக்கிறது. இன்னொன்று. அதன் பக்கவாட்டில் ஐந்து புள்ளி குத்தியிருக்கிறது, நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. துருவைத் துணியால் துடைத்துவிட்டுக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறேன், இதோடு இருக்கிறது. வேறு எந்தப் பட்டையிலும் அப்படி இல்லை.

நாங்கள் தைத்த துணியில் யார் தைத்தது என்று தெரிவதற்கு உள்பக்கம் ஒரு சின்னத் தையல் போட்டுவைப்போம். இது அந்த மாதிரி யாரோ போட்ட அடையாளமோ? ஒரு கமான்காரருக்குத் தன் வேலையில் இவ்வளவு பெருமையா? அதுவும் சைஸ் சரியில்லாத வேலையில்? யாராக இருக்கும்? இரண்டு நாளாக எனக்கு இதே யோசனை.

ஓடும்போது எழுதிய துண்டு ஒன்று பழைய அளவு நோட்டில் கிடைத்தது. எழுதிய எனக்கே படிக்க முடியவில்லை. ‘மார்பு 38’ என்பது செத்த பல்லி மாதிரி இருக்கிறது.

ஜன்னலைப் பற்றி எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. எழுத நிறைய இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அண்ணி

பிப்ரவரி 28

அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

பிராக்கெட் நாலும் உங்கள் பேட்டர்னை அப்படியே தகட்டில் வைத்து வரைந்து வெட்டியவை. பை இரண்டு, காற்று நிரப்பும் சின்ன மோட்டார், குழாய்கள், முள் இரண்டு உள்ள மீட்டர். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், அதனால் வலது பக்கத்தைத் தனியாகத் தூக்கிக்கொள்ளலாம். எல்லாம் பெட்டியில் வருகிறது. அங்கே நல்ல மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். எந்தப் பட்டையை உருவ வேண்டும் என்று தாளில் வரைந்திருக்கிறேன். வலது நாலாவதைக் கட்டாயம் உருவ வேண்டும்.

அந்தப் புள்ளிகளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஸ்பானர்

மார்ச் 8

ஸ்பானருக்கு,

பெட்டி வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் உன் அண்ணன் பெட்டியைத் திறக்காமல் மூடியில் இருக்கும் உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாயில் ஊசி இல்லை. “என்னது இது?” என்றார். ஜனவரியிலிருந்து நடந்த அத்தனையையும் சொல்லிவிட்டேன். பட்டன் கடை ஏற இறங்க விட்டதைக்கூட.

அவர் ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சட்டத்தில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. ஓட்டையெல்லாம் அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் விளிம்பு இடிக்கிறது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் இடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருஷமாக வெட்டுகிறவள், இத்தனை சிரமத்துக்கும் நடுவில் அளவில் கோட்டைவிட்டேனே என்று.

அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து இரும்பை அளந்தார். சட்டத்தை அளந்தார். சுற்றி எங்கே அளந்தாலும் அரை இஞ்ச் கூடுதல். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இரும்புக்குமா தையலுக்கு விட்ட?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காகிதத்தைக் கையில் எடுத்தால் சுற்றிலும் அரை இஞ்ச் விட்டுத்தான் என் கை வெட்டும். நான் விடுவதில்லை, கை விட்டுவிடுகிறது. அவர் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன், முதுகு வலிக்க வலிக்க.

பிறகு அடங்கிவிட்டார். “எடுத்து உள்ள வை. வண்டி கொடுக்கறதா சொன்னது சொன்னதுதான்” என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. ஏன் என்று விடாமல் கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “அவ சொன்னது சரிதான். நான் ஜன்னல் வெட்டினப்பவே வண்டியோட முதுகு போச்சு. அதுல உட்கார வச்சு உன் முதுகையும் போக்கிட்டேன். காத்துப் பை வச்சா வெட்டினது ஒட்டிடுமா?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் உள்ளே படுத்திருந்தேன். மூன்று வருஷமாக அதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை விற்பதும் அதனால்தான். வேலை அலுத்துப்போய் இல்லை.

எனக்கு உன்மேல் கோபம். மறைக்கத் தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஜன்னலைப் பற்றியும் இனி எழுதுவேன். அது காற்றுக்கோ அழகுக்கோ வைத்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்குக் கறுப்புப் பட்டன் வைத்து என் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்தார். முதலில் நான் உட்காரும் இடத்துக்கு நேராக. அடுத்தது, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று. அவ்வளவுதான் அந்த ஜன்னலின் கதை. நீ கேட்டதே இல்லை.

ஒரு சந்தேகம். நிஜமாகவே ஜன்னல் வெட்டினதால்தான் என் முதுகு போனதா? நீ இரும்பு படித்தவள். உண்மையை எழுது. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அண்ணி

மார்ச் 12

அண்ணி,

இல்லை. ஜன்னலுக்கும் உங்கள் முதுகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லாரியின் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற சட்டம். மேலே இருக்கும் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதில் ஜன்னல் வைத்தாலும் வாசல் வைத்தாலும் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அண்ணனுக்கு எது வலிக்குமோ அதைத் தேடி எடுத்துச் சொன்னேன். என்னைக் கேட்காமல் வெட்டினானே என்ற ஆத்திரம்.

அந்த ஐந்து புள்ளி நான் குத்தினது.

எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா வெளியூர் போயிருந்தார். அதற்கு முந்தின நாள் வலது கமானில் நாலாவது பட்டை உடைந்திருந்தது. கடையில் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானே செய்து காட்டுகிறேன் என்று, கழித்துப் போட்ட ஒரு பெரிய லாரியின் பட்டையை எடுத்து, நீளத்தைக் கண்ணால் பார்த்து அறுத்தேன். நாலு விரல்கடை குட்டையாக அறுத்துவிட்டேன். வளைவு கொடுக்க எனக்கு அப்போது தெரியாது. அப்படியே சொருகி யூ போல்ட்டை முறுக்கிவிட்டேன். முதல் வேலை என்ற பெருமையில் சென்டர் பஞ்ச் உளியை எடுத்து ஐந்து புள்ளி குத்தினேன். அப்பா வந்து கேட்டபோது கடைக்காரர்தான் போட்டார் என்று சொன்னேன். வண்டி ஓடியது. நானும் மறந்துபோனேன்.

வில்லாக இருக்க வேண்டிய இடத்தில் நேர் இரும்பு இருந்தால் அந்தப் பக்கம் தாழும். தாழ்ந்தால் அமுங்க இடம் இருக்காது. பள்ளத்தில் இறங்கும்போது மற்ற மூன்று மூலையும் மெத்தென்று வாங்கிக்கொள்ள, அந்த ஒரு மூலை மட்டும் இரும்பு இரும்போடு மோதும். மெஷின் ஊசி விலகினது அதனால். உங்கள் துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் திடுக்கென்று மேலே தூக்கி நிற்கிறது. அது பள்ளத்தால் வந்த கிறுக்கல் இல்லை, என் பட்டையால் வந்தது. அந்த மூலைக்கு மேலேதான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், அஞ்சு வருஷம்.

பென்சிலால் தேய்த்த அந்தக் காகிதம் பிப்ரவரி 13-ஆம் தேதி வந்தது. இரண்டு வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். வேலை அதிகம் என்று எழுதியது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நீங்கள் என்னை ஸ்பானர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று.

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுங்கள். உங்கள் பெயர் போட்டிருந்தாலும் இது அவனுக்குத்தான். ‘அண்ணே, உன் ரம்பம் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என் கையில். நான் சொன்னதை மன்னித்துவிடு’ என்று அவனுக்கு நான் எழுதியதாக வைத்துக்கொள்ளட்டும்.

பேட்டர்னில் அரை இஞ்ச் கூடினதற்கு அழாதீர்கள். கூடினதைக் குறைத்துவிடலாம். நாலு விரல்கடை குறைத்து அறுத்தவள் எழுதுகிறேன், குறைந்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

மெக்கானிக் தேட வேண்டாம். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். வண்டியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் அடியில் மல்லாந்து படுத்தால் வண்டி தெரியாது, கமான் மட்டும்தான் தெரியும்.

ஸ்பானர்

ஏப்ரல் 7

அன்புள்ள ஸ்பானருக்கு,

ஓடுகிற வண்டியில் எழுதுகிறேன். நீ கேட்டபடி என் இடத்தில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. வலது முள் நாற்பத்தைந்தில், இடது முள் நாற்பதில் நிற்கிறது. எழுத்தைப் பார்த்துச் சொல்.

நீ போனபிறகு நடந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஹோட்டல்காரர் 20-ஆம் தேதி வந்தார். உன் அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, “மன்னிச்சுக்குங்க, வண்டி இப்போ நல்லாயிடுச்சு” என்றார். நல்லாகிவிட்ட வண்டியை ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று அந்த மனிதருக்குப் புரியவே இல்லை. கடைசியில் ஹோட்டலுக்கு ஜன்னல் திரை தைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனி, ஞாயிறை நான் அடிக்கடி நினைத்துச் சிரிக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வந்தாய், தரையைப் பார்த்துக்கொண்டே போய் அடியில் புகுந்துகொண்டாய். அவர் உள்ளே ஏறி நின்றுகொண்டார். நடுவில் ஒரு பலகை. இரண்டு மணி நேரம் ஸ்பானர் கேட்டு “பதினேழாம் நம்பர் சாவி எடு”, “இந்தா” என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்புறம் அந்த நாலாவது பட்டையை உருவி வெளியே தள்ளினாய். அவர் இறங்கி வந்து கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

“இத்தனை வருஷம் இதுமேலதான் ஓட்டிட்டிருந்தேனா?”

“ஆமாண்ணே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல?”

அவர் பட்டையைச் சக்கரத்தோரம் சாய்த்து வைத்தார். பிறகு அடியிலிருந்து உன் குரல், “பன்னெண்டாம் நம்பர் சாவி எடு.” அவர், “இந்தா.” அவ்வளவுதான் உங்கள் சமாதானம். நான் இரண்டு மாதம் கடிதம் எழுதியும் சாதிக்க முடியாததைச் சாவி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது.

பிராக்கெட்டில் எங்கே அறுக்க வேண்டும் என்று அவர் சாக்பீஸால் கோடு போட, நீ கிரைண்டரால் அறுத்தாய். நாலாவது பிராக்கெட்டில் இடிக்காமல் இடம் இருந்தது என்று அரை இஞ்சை அப்படியே விட்டுவிட்டாயே, அது இருக்கிறது. “பின்னாடி வண்டி குண்டாச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்” என்று நீ செய்த கேலியை அவர் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்கிறார். உன் ஐந்து புள்ளிப் பட்டையைக் காயலாங்கடைக்குப் போடவில்லை. வெட்டும்போது துணி நகராமல் இருக்க மேஜைமேல் வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு அது கச்சிதமான சைஸ்.

கிளம்பும்போது நீ கண்ணைத் திறந்துதான் கிளம்பினாய். நான் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் கையை வைத்துத் தடவிவிட்டு, “அறுத்துட்டு ராவ வேணாமா? கையைக் கிழிக்குது” என்றாய். நீ பஸ் ஏறுவதற்குள் அவர் அரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். இப்போது வழவழவென்று இருக்கிறது. அதில்தான் முழங்கையை ஊன்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில் நோட்டின்மேல் விழுகிறது. இன்று அறுபது சட்டை, ஒரு ஃபாக்டரி வாசல். நான் வெட்டப் போகிறேன். இரண்டு கையில் ஒன்று வலதாகவும் ஒன்று இடதாகவும் இருக்கும்.

ஒரு சந்தேகம். பையில் காற்று மதியத்தில் கூடுமா, வெயிலுக்கு? முள் காலையைவிட ஒரு கோடு ஏறின மாதிரி இருக்கிறது. பதில் எழுது. எழுதாவிட்டாலும் அவரே ஃபோனில் கேட்பார், இப்போதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் ஓயாமல் உன்னோடுதானே பேச்சு.

முன்னாலிருந்து கத்துகிறார். “பெரிய பள்ளம் வருது! பிடிச்சுக்க!”

நான் பிடித்துக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி